தென்பெண்ணை அணைக்கட்டுகளில் மீன் ஏற வழி விடுங்கள்: நீர்வளத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணியாற்றும் நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கும் மீன்வளத்துறை அலுவலர்களுக்கும்,

ஐயா, அம்மா, வணக்கம்.

தென்பெண்ணையிலும் அதில் வந்து சேரும் ஆறுகளிலும் உள்ள அணைக்கட்டு, தடுப்பணை வேலைகளுக்கு இனிமேல் மதிப்பீடு போடும்போது, மீன் எதிர்நீச்சலில் ஏறிப் போக ஒரு வழியையும் சேர்த்துப் போடுங்கள். கேட்பது இது ஒன்றுதான். பெயருக்கு நாலு படி கட்டி முடித்துவிடாமல், நம் ஆற்று மீனின் அளவுக்கும் பலத்துக்கும் பொருந்துகிற வழியாக அது அமைய வேண்டும். அதைச் சொல்லத்தான் ஒரு பக்க மனுவாக எழுத வேண்டியது இவ்வளவு நீளமான மடலாகியிருக்கிறது.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் மாவும் நெல்லும் வைத்திருக்கிற விவசாயி. சிவில் டிப்ளமா முடித்து, சில வருடம் கட்டுமான வேலைகளில் மேற்பார்வை பார்த்துவிட்டு நிலத்துக்குத் திரும்பியவன். கான்கிரீட்டும் தெரியும், வாய்க்காலில் தண்ணீர் வராத வருடம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அணைக்கட்டை இடிக்கச் சொல்கிற ஆள் நான் இல்லை. நெடுங்கல் அணைக்கட்டு இல்லாமல் பாரூர் ஏரி இல்லை, பாரூர் ஏரி இல்லாமல் அந்தப் பக்கம் எத்தனையோ குடும்பம் இல்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கொட்டியது உங்களுக்கே தெரியும். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அப்படி ஒரு வெள்ளம் போன பிறகு கரை, கீழ்த்தளம், ஷட்டர் என்று வருடக்கணக்கில் வேலை வரும். சுவரை எப்படியும் தொடப்போகிறீர்கள். பொக்லைனும் ஜல்லியும் ஆற்றுக்குள் இறங்கியிருக்கும்போதே இதையும் செய்தால் செலவு குறைவு. கட்டி முடித்த சுவரைப் பிறகு உடைத்து வழி செய்வதுதான் வீண் செலவு.

மீன் இடம் மாறிப் போவது கடல் மீனுக்கு உரிய சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஆற்று மீனும் போகும். கெண்டை வகைகளில் பல, புதுவெள்ளம் வந்ததும் மேலே ஏறி, புல் மூழ்கிய ஆழமில்லாத ஓரங்களில் முட்டையிடும். வாளையும் அப்படித்தான். கெளுத்தி, ஆரால், அயிரை எல்லாம் வெள்ளத்தோடு ஓடைகளுக்குள்ளும் ஏரி வரத்துக் கால்வாய்களுக்குள்ளும் நுழையும். விலாங்கின் கதை நேர்மாறு. அது கடலில் பிறக்கும். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சாக முகத்துவாரத்தில் நுழைந்து ஆற்றில் ஏறி, வருடக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போய்விடும்.

தென்பெண்ணைக்கு இது காவிரியை விட முக்கியம் என்பது என் எண்ணம். காரணம், நம் ஆறு வற்றுகிற ஆறு. கோடையில் மைல்கணக்கில் மணலும் பாறையும்தான் தெரியும், அங்கொன்றும் இங்கொன்றுமாக மடுக்கள் மட்டும் பிழைத்திருக்கும். அந்த மடுக்களில் தப்பிய மீன்தான் அடுத்த வெள்ளத்தில் மேலும் கீழும் பரவி ஆற்றை மறுபடி நிரப்ப வேண்டும். நடுவில் ஒரு சுவர் நின்றால், சுவருக்குக் கீழே இருக்கிற மடுவிலிருந்து மேலே ஒரு மீன்கூட வராது. மேல் பகுதியில் ஒரு மோசமான கோடை வந்து எல்லாம் செத்துப்போனால், அந்த இனம் அந்தப் பகுதியில் முடிந்தது. அதற்கப்புறம் மீன்பிடி ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டால்தான் மீன். அது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். நாட்டு மீனைத் திரும்பக் கொண்டுவர அங்கே யாரும் இல்லை.

வழியில் எத்தனை சுவர் என்று பாருங்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து ஓசூருக்கு மேலே தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஆற்றில் முதலில் கெலவரப்பள்ளி அணை. அடுத்து கிருஷ்ணகிரி அணை, 52 அடி, 1957இல் காமராஜர் முதல்வராக இருந்தபோது திறந்தது. அதற்குக் கீழே நெடுங்கல், இன்னும் கீழே ஈச்சம்பாடி, பிறகு 119 அடிச் சாத்தனூர். சாத்தனூருக்கு அப்பால் கடலூர் வரை இன்னும் சில அணைக்கட்டுகள். இது பேரேட்டில் இருக்கிற பெரிய பெயர்கள் மட்டும். மார்க்கண்டேய நதி, பாம்பாறு, வாணியாறு, கம்பைநல்லூர் ஆறு, அப்புறம் பெயரில்லாத எத்தனையோ ஓடைகளில் உள்ள தடுப்பணைகளை இதில் சேர்க்கவே இல்லை.

முதல் வெள்ளம் வந்த மறுநாள் ஏதாவது ஓர் அணைக்கட்டின் கீழ்த்தளத்துக்குப் போய் நின்று பாருங்கள். விளிம்பில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்து விழும். கீழே கான்கிரீட் தளத்தில் கணுக்கால் அளவுதான் ஆழம். கெண்டைகள் கூட்டமாக வந்து சுவரில் முட்டும். சாண் நீளத்து மீன் ஒன்று எழும்பிச் சுவரின் பாதியில் மோதி விழும். ஓரமாக ஒதுங்கிக் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு மறுபடி எழும்பும். பக்கவாட்டில் செதில் உரிந்து சிவந்திருக்கும். கையில் எடுத்தால் வயிற்றிலிருந்து சினை வழியும். ஆரால் எழும்பாது. பாசி படிந்த ஈரச் சுவரில் உடம்பை ஒட்டவைத்து ஒரு முழம் ஏறும், வழுக்கி விழும். சுற்றிலும் வீச்சுவலை, கொசுவலை, பழைய சேலை, கூடை என்று ஊரே நிற்கும். சாக்கு சாக்காகப் போகும். அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். மீனை அவர்கள் தேடிப் போகவில்லை, சுவர்தான் ஒரே இடத்தில் குவித்துக் கொடுக்கிறது. ஆனால் அன்று சாக்கில் போனது அந்த வருடத்து முட்டை முழுவதும்.

இது இன்று நேற்று யாரோ கண்டுபிடித்த பிரச்சினை கிடையாது. சென்னை மாகாணத்தில் மருத்துவராக வேலை பார்த்து, பிறகு இந்திய மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே, 1873இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே ஆற்றுக்குக் குறுக்கே கட்டும் அணைக்கட்டுகள் மீனின் வழியை மறிப்பதைப் பற்றி எழுதினார். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் உல்லம் மீன் ஏறுவது நின்று, அந்த மீன்பிடிப்பு சரிந்தது. 1975இல் கங்கையில் ஃபரக்கா தடுப்பணை வந்ததும் அதே உல்லத்துக்கு, அங்கே இலிஷ் என்பார்கள், மேல் கங்கையில் அதே கதி. தென்பெண்ணையில் அப்படிப் பெயர் பெற்ற மீன் இல்லாததால் இங்கே போனதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இனி வடிவமைப்புக்கு வருகிறேன். இதில்தான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம்.

மீன் ஏறும் வழி என்றதும் நினைவுக்கு வருவது சால்மன் மீன் துள்ளி ஏறும் படிக்கட்டு. சால்மன் ஒரு மீட்டர் நீளம்கூட வளரும், துள்ளுவதற்கென்றே பிறந்த மீன். அதன் படியை நம் ஆற்றில் கட்டினால் ஏறுவதற்கு ஆள் இருக்காது. ஆஸ்திரேலியாவில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். மர்ரே ஆற்றுப் படுகையில் வட நாடுகளின் சால்மன் படிகளைப் பார்த்துக் கட்டிய வழிகளில் உள்ளூர் மீன்கள் ஏறவில்லை. 1980களில் உள்ளூர் மீனையே சோதனைத் தொட்டியில் நீந்தவிட்டு, எது எவ்வளவு வேகத்தைத் தாங்குகிறது என்று அளந்தார்கள். அந்த அளவை வைத்து 1991இல் டொரம்பரி தடுப்பணையில் கட்டிய வழியில் மீன் ஏறியது. 2001இல் தொடங்கிய திட்டத்தில், கடலிலிருந்து ஹியூம் அணை வரை 2,225 கிலோமீட்டர் ஆற்றையும் மீனுக்குத் திறக்க ஒவ்வொரு தடுப்பணையாக வழி கட்டிக்கொண்டே போனார்கள். லாவோஸில் பாக் பியுங் (Pak Peung) என்ற இடத்தில், மெக்கோங் ஆற்றுக்கும் அதன் ஓரத்துச் சதுப்பு நிலத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிறிய மதகில் அதே முறையில் அந்த ஊர் மீனை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கட்டினார்கள். அந்த மதகு நம் ஊர்த் தடுப்பணை அளவுதான், அங்கே ஏறும் மீனும் பெரும்பாலும் கெண்டை, கெளுத்திச் சாதி. நமக்கு நெருங்கிய முன்மாதிரி அதுதான்.

நான் சொல்லும் வழி, படிப்படியாக இறங்கும் சின்னத் தொட்டிகளின் வரிசை. ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள சுவரில் தண்ணீரும் மீனும் போக ஓர் இடுக்கு இருக்கும். கணக்கு எளிதுதான், பாலிடெக்னிக்கில் படித்ததே போதும். ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ, அதை 2 ஆலும் 9.81 ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இடுக்கில் பாயும் வேகம் கிடைக்கும். 30 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் நொடிக்கு சுமார் 2.4 மீட்டர். 15 என்றால் 1.7. 8 என்றால் 1.25. 5 என்றால் 1 மீட்டர். மீனின் பக்கம் ஒரு தோராய விதி இருக்கிறது. பாய்ச்சலாகச் சில நொடி மட்டும், நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல் பத்து மடங்கு தூரம் போக முடியும். 10 சென்டிமீட்டர் மீனுக்கு அது 1 மீட்டர். சால்மன் படியில் வழக்கமான 30 சென்டிமீட்டர் இறக்கத்தை நம் ஆற்றில் வைத்தால், ஒரு சாணுக்கு மேலே வளர்ந்த மீன் தவிர மற்றதெல்லாம் முதல் தொட்டியோடு நின்றுவிடும். அதனால் 8 சென்டிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். இடம் இருந்தால் 5.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். சுவருக்கு மேலும் கீழும் நீர்மட்ட வித்தியாசம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 சென்டிமீட்டராக இறக்கினால் 25 இறக்கம், நடுவில் 24 தொட்டி. தொட்டி ஒவ்வொன்றும் உள்ளே ஒன்றரை மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். தடுப்புச் சுவர்களையும் சேர்த்தால் மொத்தம் 40 மீட்டருக்குள் முடியும். சரிவு ஏறக்குறைய 20க்கு 1. தொட்டிகளுக்கு நடுவே விளிம்பில் வழியும் படி வைக்க வேண்டாம். மேலிருந்து அடி வரை திறந்திருக்கும் 15 சென்டிமீட்டர் செங்குத்து இடுக்கு வையுங்கள். இடுக்கு அடிவரை இருந்தால் மேல்மட்டத்தில் நீந்தும் மீன் மேலேயும், ஆரால், அயிரை, உளுவை போன்றவை தரையோடு தரையாகவும் போகும், துள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஆற்று மட்டம் ஏறி இறங்கினாலும் இடுக்கு வேலை செய்யும். விளிம்புப் படி அப்படிச் செய்யாது. இந்த அளவில் வழியில் ஓடும் தண்ணீர் நொடிக்கு 60 லிட்டர் சுமார், அதாவது 2 கனஅடி.

தொட்டிக்குள் கொந்தளிப்பையும் பார்க்க வேண்டும். இடுக்கில் பாயும் தண்ணீரின் சக்தி தொட்டியிலேயே அடங்கினால்தான் மீன் இளைப்பாறி அடுத்த இடுக்குக்குத் தயாராகும். மேலே சொன்ன அளவில் ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு 50 வாட்டுக்குச் சற்று மேலே வருகிறது. சால்மனுக்கு 200 வாட் வரை அனுமதிப்பார்கள், நம் சிறு மீனுக்கு அதில் நாலில் ஒரு பங்குதான் நல்லது. செலவைக் குறைக்கத் தொட்டியின் நீளத்தைக் குறைத்தால் முதலில் கெடுவது இதுதான், வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாது. தரையை வழுவழுப்பாகப் பூசாதீர்கள். தேங்காய் அளவு உருண்டைக் கல்லைப் பாதி புதைத்துப் பதியுங்கள். கல்லுக்கு நடுவே வேகம் குறையும், விரல் நீளத்து மீன் அதைப் பிடித்துக்கொண்டே ஏறிவிடும். மேலே மூடி போட்டு இருட்டாக்க வேண்டாம், வெளிச்சம் சட்டென்று மாறினால் பல மீன் தயங்கித் திரும்பும். திருட்டுக்குப் பயந்தால் கம்பி வலை போடுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிது வாசல். உலகத்தில் கட்டிய மீன்வழிகளில் பல தோற்றதற்குக் காரணம் மீன் வாசலைக் கண்டுபிடிக்காததுதான். மீன் தண்ணீரின் இழுவையை எதிர்த்துப் போகும், மேலே போக முடியாத கடைசி இடம் வரை போய் அங்கே நிற்கும். வாசல் 30 மீட்டர் கீழே இருந்தால் அதைத் தாண்டி வந்து சுவரடியில் முட்டிக்கொண்டிருக்கும், திரும்பிக் கீழே போய்த் தேடாது. ஆகவே 40 மீட்டர் வழியை நேராக ஆற்றில் கீழ்நோக்கி நீட்டாமல், நடுவில் மடக்கித் திருப்பி, வாசல் சுவரடியிலேயே திறக்கும்படி கொண்டுவர வேண்டும். வாசலிலிருந்து வரும் இழுவை, பக்கத்தில் விழும் தண்ணீரை மீறி மீனுக்குத் தெரியவும் வேண்டும். ஆற்றில் ஓடுவதில் 1 முதல் 5 சதவீதம் வாசல் பக்கம் வர வேண்டும் என்பது பொது அளவு. 500 கனஅடி வழிகிற நாளில் 2 கனஅடியின் குரல் கேட்காது. அதனால் வாசலுக்கு ஒட்டினாற்போல் சுவர் விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்திக் கூடுதல் தண்ணீரை அங்கே விழவிடுங்கள், இல்லை ஒரு சின்ன மதகு வையுங்கள்.

எந்தக் கரையில் வாசல்? நம் பழைய அணைக்கட்டுகள் பல ஆற்றுக்குச் சாய்வாகக் கட்டியவை. சாய்வின் மேல்முனைப் பக்கம்தான் மீன் குவியும். மணலை வெளியே தள்ளும் மதகான மணற்போக்கி திறந்திருந்தால் கதை மாறும், அங்கே போய் நிற்கும். இதைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளம் ஏறும்போதும் வடியும்போதும் கரையில் நின்று பார்க்க வேண்டும், அல்லது அங்கே வருடக்கணக்கில் வலை வீசுகிற மீனவரைக் கேட்க வேண்டும். “எந்த மூலையில் முதலில் வலை போடுவீங்க?” என்று கேளுங்கள். அவர் கை காட்டுகிற மூலைதான் வாசல்.

மேல் வாயும் சும்மா இல்லை. ஏறி வந்த மீன் தலைமதகுக்குப் பக்கத்தில் வெளியே வந்தால் வாய்க்காலுக்குள் இழுபட்டுப் போகும், முறை முடிந்து மதகு அடைத்ததும் வயலோரத்தில் காய்ந்து சாகும். விளிம்புக்குப் பக்கத்தில் வெளியே வந்தால் வெள்ளத்தில் திரும்பக் கீழே விழும். இரண்டையும் விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். குப்பை தடுக்கும் கம்பியில் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும், ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் வந்து அடைத்துக்கொண்டால் மதகு பார்க்கும் லஸ்கர் இறங்கி எடுக்க ஒரு நடைபாதையும் வேண்டும். எடுக்க வசதியில்லாத கம்பியை யாரும் எடுக்க மாட்டார்கள், இது என் அனுபவம்.

கீழே இறங்கும் மீனை மறந்துவிடக் கூடாது. முட்டையிட்ட மீனும் குஞ்சும் வெள்ளத்தோடு இறங்கும்போது விளிம்பிலிருந்து நேராகக் கான்கிரீட் தளத்தில் விழுகின்றன. கீழ்த்தளத்தை மறுபடி போடும்போது, ஒரு பகுதியிலாவது இடுப்பளவு தண்ணீர் நிற்கும் பள்ளம் விட்டுப் போடுங்கள்.

உயரம் குறைந்த தடுப்பணைகளுக்குத் தொட்டி, இடுக்கு எதுவும் தேவையில்லை. ஒரு மீட்டர் உயரச் சுவருக்குக் கீழே, ஆற்றின் ஒரு பக்கத்தில் மட்டும், 20 முதல் 30 மீட்டர் நீளத்துக்குக் கல் சரிவு போதும். பெரிய கற்களை வரிசை வரிசையாகக் குறுக்கே வைத்து, வரிசைக்கு வரிசை சில சென்டிமீட்டர் மட்டும் இறங்கும்படி, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அமைக்கலாம். கிருஷ்ணகிரியில் கல்லுக்கா பஞ்சம்? கிரானைட் குவாரிகளில் விற்க முடியாமல் ஒதுக்கிய கல் மேடு மேடாகக் கிடக்கிறது. கூர்முனையை மட்டும் தட்டிவிட வேண்டும், மீனின் உடம்பைக் கிழிக்கும். ஒரு எச்சரிக்கை: கல்லைச் சும்மா அடுக்கினால் 2024 மாதிரி ஒரு வெள்ளம் ஒரே இரவில் உருட்டிக்கொண்டு போய்விடும். மூன்றில் ஒரு பங்காவது கான்கிரீட்டில் புதைய வேண்டும், சரிவின் அடிமுனையில் அடியில் அரிப்பைத் தடுக்கப் பாறை வரை இறங்கும் ஒரு கட் ஆஃப் சுவர் வேண்டும்.

என்னைப் போன்ற ஆயக்கட்டு விவசாயிகள் முதலில் கேட்கப்போவது தண்ணீரைப் பற்றித்தான். நியாயமான கேள்வி. மீன் ஏறுவது ஆற்றில் வெள்ளம் ஓடும்போது. தென்மேற்குப் பருவத்தில் கர்நாடகத்துப் பக்கம் பெய்து வரும் தண்ணீரிலும், ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் பெய்யும் மழையிலும். அந்த நாட்களில் அணைக்கட்டு எப்படியும் வழிந்துதான் ஓடுகிறது. வழியும் தண்ணீரில் 2 கனஅடி விளிம்புக்குப் பதில் மீன்வழியில் போகிறது, அவ்வளவுதான். வழிவது நின்றால் மேல் வாயில் பலகை போட்டு அடைத்துவிடலாம், வாய்க்காலுக்கு ஒரு சொட்டுக் குறையாது. அடைக்கிற அன்று தொட்டிகளில் மாட்டிய மீனை ஆற்றில் விட்டுவிட்டு அடைக்க வேண்டும். திறப்பதும் அடைப்பதும் யார் பொறுப்பு, எந்த மட்டத்தில் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாததால்தான் நல்ல கட்டுமானங்கள் பல பூட்டியே கிடக்கின்றன.

எல்லா இடத்திலும் வழி திறக்கச் சொல்லவில்லை. பிரேசிலில் சில பெரிய அணைகளில் வழி கட்டி மீனை மேலே ஏற்றிவிட்டார்கள். மேலே முட்டையிட இடமில்லாத தேங்கிய நீர், குஞ்சு கீழே திரும்பவும் முடியவில்லை. வழியே பொறியாகிவிட்டது என்று அங்குள்ள மீன் அறிவியலாளர்களே எழுதினார்கள். கிருஷ்ணகிரி அணைக்கு மேலே இன்று மீனை ஏற்றிவிட்டால் அது எதில் போய் நீந்தும்? பெங்களூருப் பக்கமிருந்து வரும் கழிவால் கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதை வருடாவருடம் பார்க்கிறோம். அந்தத் தண்ணீர் சுத்தமாகிற வரை பெரிய அணைகளுக்கு மீன் லிஃப்ட் என்றெல்லாம் பணம் செலவழிக்காதீர்கள். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, சாத்தனூர் நீர்த்தேக்கம் வரை உள்ள ஆறும் அதில் சேரும் கிளைகளும்தான் இப்போதைக்கு நம் களம். நெடுங்கல், ஈச்சம்பாடி, கிளையாறுகளின் வாயில் உள்ள தடுப்பணைகள். இவற்றைத் திறந்தால் சாத்தனூர் நீர்த்தேக்கத்து மீனுக்கு மேலே ஒரு முழு ஆறு கிடைக்கும்.

காவிரியின் பக்கம் வேறு கணக்கு. ஒகேனக்கல் அருவி இயற்கை போட்ட தடை, அதன்மேல் கை வைக்க வேண்டாம். அருவிக்கு மேலும் கீழுமாக மேட்டூர் நீர்த்தேக்கத்தின் வால் வரை காவிரி இன்னும் தடையில்லாமல் ஓடுகிறது. 2022இல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் 686 சதுர கிலோமீட்டர் காட்டை அறிவித்ததில் அந்த ஆற்றுக்கும் கொஞ்சம் காவல் கிடைத்திருக்கிறது. காவிரிக்கே உரிய, முதுகில் திமில் உள்ள ஆரஞ்சுத் துடுப்பு மகசீர் 2018இல் உலக அளவில் மிக அருகிய இனமாகப் பட்டியலில் ஏறியது. அதற்கு வேண்டியது புதுக் கட்டுமானம் இல்லை, இருக்கும் ஓட்டத்தை விட்டுவைப்பது. அங்கே பார்க்க வேண்டியது ஒகேனக்கல்லில் வந்து சேரும் சின்னாறும், மேட்டூர் நீர்த்தேக்கத்தில் போய் விழும் நாகாவதி, தொப்பையாறும். பஞ்சப்பள்ளி, நாகாவதி, தொப்பையாறு அணைகளுக்குக் கீழே உள்ள நீளத்தில் புதிதாகத் தடுப்பணை போடும் எண்ணம் இருந்தால், முதல் நாளிலிருந்தே கல் சரிவோடு போடுங்கள்.

மீன்வளத்துறைக்குத் தனியாக ஒன்று. வழி திறந்தால் ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்கூட ஏறும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஜிலேபி ஏற்கெனவே நம் அணைகளில் மேலும் கீழும் நிறைந்திருக்கிறது, சுவர் அதைத் தடுக்கவில்லை, நாட்டு மீனை மட்டும் தடுத்தது. தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் எட்டாத ஓடை ஏதாவது உங்கள் ஆய்வில் தெரிந்தால், அந்த ஓடையை மட்டும் விட்டுவிடுவோம். பாரூரிலேயே மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. நெடுங்கல்லுக்கு இவ்வளவு பக்கத்தில், உள்ளூர்க் கெண்டையையும் ஆராலையும் தொட்டியில் நீந்தவிட்டு அளக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போது, அந்த அளவைக் கேட்டு வாங்காமல் கட்டத் தொடங்காதீர்கள். நான் மேலே எழுதிய 8 சென்டிமீட்டர் வெளிநாட்டு அனுபவத்திலிருந்து எடுத்தது. நம் மீன் வேறு எண் சொன்னால் அந்த எண்தான் சரி.

காவலும் வேண்டும். மீன் வரிசையாக ஒரு குறுகிய இடுக்கில் ஏறுகிறது என்றால் அங்கே யாராவது பையைக் கட்டிவைப்பார்கள். ஆற்றில் வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடை செய்கிறது, இன்றும் இரண்டும் நடக்கிறது. அதனால் சட்டம் மட்டும் போதாது. வழிக்கு மேலும் கீழும் 100 மீட்டருக்கு வலை வீசத் தடை போட்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்தப் பகுதி மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் கூலியோடு கொடுங்கள். சினை மீன் மேலே போனால் அடுத்த வருடம் யாருக்கு வலை நிறையும் என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டிய பிறகு எண்ணுங்கள். மேல் வாயில் ஒரு கூண்டு வைத்து, முதல் இரண்டு வெள்ளப் பருவத்திலும் எந்த மீன், என்ன நீளம், எத்தனை ஏறியது என்று ஒரு பதிவேட்டில் எழுதி, எண்ணியதும் மேலே விட்டுவிட வேண்டும். சுவரடியில் நிற்கிற மீனையும் அதே நாளில் எண்ண வேண்டும். கீழே அயிரை நிறைய, கூண்டில் அயிரையே இல்லை என்றால் எங்கே தப்பு என்று அப்போதே தெரியும், இடுக்கில் பலகை வைத்துத் திருத்தலாம். அந்தப் பதிவேட்டை ஊரும் பார்க்கும்படி வையுங்கள்.

முதலில் ஓர் அணைக்கட்டு, ஒரு கிளையாற்றுத் தடுப்பணை, இந்த இரண்டு போதும். எந்த இடம் என்று முடிவு செய்யுமுன், அடுத்த புதுவெள்ளத்தில் இரு துறையினரும் சேர்ந்து நெடுங்கல்லுக்கு ஒரு காலைப்பொழுது வாருங்கள். ஆற்றில் தண்ணீர் திறக்கும் நாள் உங்களுக்குத்தான் முன்னதாகத் தெரியும். முதல் நாளே தகவல் சொன்னால், இரு கரையிலும் வலை வீசுகிற மீனவர்களையும் ஆயக்கட்டு விவசாயிகளையும் அழைத்து வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தென்பெண்ணைப் பாசன விவசாயி,
காவேரிப்பட்டணம்